அமலை பூத்த குளம்

தாம்பரம்
12-8-1981

அன்புள்ள அண்ணனுக்கு உலகம்மை எழுதுவது.

இலையில் சோறு வைத்தபிறகு எழுந்து பஸ் ஏறிப் போனவள் என்னத்தை எழுதப்போகிறாள் என்று இதைப் பிரிக்காமலே போட்டுவிடாதீர்கள். உங்களுக்குப் படிக்கப் பிடிக்காவிட்டால் மதினியிடம் கொடுங்கள்.

அன்றைக்குச் சித்தப்பா வீட்டார் எல்லாரும் குற்றாலத்தில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு பந்தியில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முன்னால் குளத்துத் தண்ணீரை ஒரு புட்டியில் தூக்கிக் காட்டி, “இது விஷம், நம்ம பட்டறை விஷம்” என்று நான் சொல்லியிருக்கக் கூடாது. சொன்ன இடம் தப்பு. சொன்னது தப்பில்லை அண்ணே.

புட்டியை இங்கே எங்கள் ஆய்வகத்தில் வைத்துப் பார்த்தேன். பேராச்சி குளத்துத் தண்ணீரில் காரீயம் இருக்கிறது. மனுஷ உடம்பு பொறுக்கக்கூடிய அளவைவிடப் பல மடங்கு. பழைய லாரி பேட்டரிகளை உடைத்துப் பட்டறையில் நீங்கள் கொட்டுகிற அமிலம்தான் அதைக் கொண்டுபோய்க் குளத்தில் சேர்க்கிறது. குளத்தை ஒட்டித்தான் நம் வீட்டுக் கிணறு. அதில்தான் சமையல். அதில்தான் பிள்ளை குழல் குளிக்கிறாள்.

குழலைப் பார்த்துத்தான் எனக்குத் தண்ணீரைச் சோதிக்கவே தோன்றியது. போன சீசனுக்கு வந்தபோது ஐந்தருவியில் என் கையை உதறிக்கொண்டு ஓடிய பிள்ளை. இந்தத் தடவை, “அத்தே, வயிறு வலிக்கு” என்று சுருண்டு சுருண்டு படுத்துக்கொண்டாள். நாலு வயதுப் பிள்ளைக்கு உதடு அப்படி வெளுத்திருக்கலாமா?

பதில் போடுங்கள். திட்டியாவது போடுங்கள்.

உலகம்மை


பேராச்சிகுளம்
பாவூர்சத்திரம் வழி
20-8-1981

உலகம்மைக்கு,

திட்டச் சொன்னாய். திட்டுகிறேன்.

நீ போனபிறகு சித்தப்பா என்னைத் தனியாக அழைத்துக் கேட்டார். “ஏலே ஆவுடைநாயகம், தங்கச்சிய மெட்ராஸுக்கு அனுப்பிப் படிக்க வச்சே. அவ வந்து ஒன் அடுப்புலயே தண்ணிய ஊத்துதா, பாத்துக்கிட்டு நிக்கியே?” அப்பா போனபோது உனக்குத் தலை பின்னக்கூடத் தெரியாது. ஈயத்தை உருக்கித்தான் உன்னை எம்.எஸ்ஸி. வரைக்கும் படிக்க வைத்தேன். நீ கட்டியிருக்கிற சேலையிலும் அந்தப் பட்டறைப் புகை இருக்கும். மோந்து பார்.

ஈயம் விஷமாம். நம் வீட்டில் ஈயச்சொம்பில்தான் ரசம் வைக்கிறார்கள். பித்தளைப் பாத்திரத்துக்கெல்லாம் ஈயம்தான் பூசுகிறோம். ஊர் என்ன செத்தா போயிற்று? எத்தனை வருஷமாக நானும் மாடனும் அந்தப் புகையில் நிற்கிறோம், எங்களுக்கு என்ன கேடு வந்துவிட்டது?

குழலுக்கு வயிற்றில் பூச்சி. தென்காசியில் டாக்டரிடம் காட்டி மருந்து வாங்கியாகிவிட்டது. உன் மதினி விஜயத்துக்கு இது ஏழாம் மாசம். அவள் பயப்படுகிற மாதிரி இனிமேல் எழுதாதே.

நீ சாப்பிடாமல் போனதைப் பற்றி நான் ஒன்றும் எழுதப்போவதில்லை. அது எனக்குத்தான் தொண்டையில் நிற்கிறது.

ஆவுடைநாயகம்


தாம்பரம்
3-9-1981

அண்ணே,

கடைசி வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். மற்றதெல்லாம் நீங்கள் திட்டுகிற வழக்கமான திட்டு.

ஈயச்சொம்பு வெள்ளீயம். பாத்திரத்துக்குப் பூசுவதும் வெள்ளீயம். பேட்டரியில் இருப்பது காரீயம். இரண்டையும் நாம் ஈயம் என்கிறோமே தவிர, இரண்டும் வேறு வேறு உலோகம். வெள்ளீயம் துளி வயிற்றுக்குள் போனாலும் பெரும்பாலும் வந்த வழியே போய்விடும். காரீயம் போகாது. எலும்பில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். பெரியவர்களைவிடச் சின்னப்பிள்ளைகள் உடம்பில்தான் அது சீக்கிரம் ஏறும்.

பட்டறையை மூடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். மூடினால் நம் வீட்டிலும் மாடன் வீட்டிலும் அடுப்பு எரியாது என்று எனக்குத் தெரியாதா? வேறொரு வழி இருக்கிறது. எங்கள் பேராசிரியர் அதைத்தான் ஆராய்ந்துகொண்டிருக்கிறார். குளம் குட்டையெல்லாம் அடைத்துக்கொண்டு ஊதாப்பூ பூக்குமே, ஆகாயத்தாமரை. நம் ஊரில் அமலை என்போம். தண்ணீரில் கரைந்திருக்கிற காரீயத்தை அதன் வேர் இழுத்துத் தனக்குள் வைத்துக்கொள்கிறது. இங்கே தொட்டியில் வளர்த்துப் பார்த்திருக்கிறோம். சில நாட்களிலேயே தண்ணீரில் காரீயம் பாதிக்கும் கீழே போய்விடுகிறது. செடியின் வேரைக் காயவைத்துச் சோதித்தால் காணாமல் போனது அங்கே இருக்கிறது.

ஆனால் அமிலம் பட்டால் அமலை கருகிவிடும். ஆகவே முதலில் ஒரு தொட்டி கட்டிச் சுண்ணாம்பு போட்டு, பட்டறைக் கழிவை அதில் நிறுத்துங்கள். அமிலம் முறிந்து வண்டல் அடியில் தங்கியபிறகு மேல்தண்ணீரை மட்டும் வாய்க்காலில் விடுங்கள். வாய்க்காலிலும் அது குளத்தில் விழுகிற மூலையிலும் மூங்கில் அடைத்து அமலையை மிதக்க விடுங்கள். குளம் தெளிந்தால் கிணறும் பைய பையத் தெளியும்.

அதுவரைக்கும் குழலுக்குக் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். ரோட்டடிக் குழாயிலிருந்து எடுத்துவரச் சொல்லுங்கள்.

என் மேல் உள்ள கோபத்தைக் குளத்தின் மேல் காட்டாதீர்கள்.

உலகம்மை


பேராச்சிகுளம்
14-10-1981

உலகம்மைக்கு,

உன் பேச்சைக் கேட்டுத்தான் இதைச் செய்தேன் என்று நினைத்துக்கொள்ளாதே. விஜயம் பிரசவத்துக்குச் சுரண்டைக்குப் போனாள். குழலையும் கூட்டிக்கொண்டு போனாள். பஸ் படியில் ஒரு காலை வைத்தபடியே, “ஒங்க தங்கச்சி எழுதுனதைச் செஞ்சு முடிங்க. குளம் தெளியுத வரைக்கும் நானும் வரமாட்டேன், பிள்ளையளும் வராது” என்றாள். கண்டக்டர் விசில் ஊதிவிட்டான்.

தொட்டி கட்டிச் சுண்ணாம்பும் போட்டாகிவிட்டது. அமலைக்காகச் சுந்தரபாண்டியபுரம் பக்கம் ஒரு குளத்துக்கு வண்டி கட்டிக்கொண்டு போனோம். அங்கன ஆட்கள் அதைப் பிடுங்கிப் பிடுங்கிக் கரையில் எறிந்துகொண்டிருந்தார்கள். நாங்கள் அதை அள்ளி வண்டியில் ஏற்றுவதைப் பார்த்து ஒருத்தர், “ஊரே தலைமுழுகுத சனியனை நீங்க வண்டி வச்சா கொண்டு போறிய?” என்று கேட்டார். மாடன் சும்மா இருப்பானா? “மொதலாளி தங்கச்சி மெட்ராஸ்ல இருந்து சீர் கேட்டிருக்கு” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

முதலில் இலையெல்லாம் மஞ்சளாகப் போயிற்று. செத்துவிட்டது என்றே நினைத்தேன். ஒரு மழை பெய்தது. இப்போது பச்சை பிடித்து நிற்கிறது.

வீடு வீடாக இல்லை. சாயந்தரம் பட்டறையை விட்டு வந்து சைக்கிளை நிறுத்தினால் ஓடிவர ஆள் இல்லை. குழல் என்னைச் சட்டைகூட அவிழ்க்க விடமாட்டாள். கழுத்தைக் கட்டிக்கொண்டு நெஞ்சில் முகத்தை வைத்து அப்படியே தூங்கிப்போவாள். இப்போது சைக்கிளை நிறுத்திவிட்டுக் கொஞ்சநேரம் அங்கேயே நிற்கிறேன்.

குளத்துத் தண்ணீரைப் புட்டியில் பிடித்து நம்பிராஜன் கையில் கொடுத்தனுப்பியிருக்கிறேன். அவன் மெட்ராஸுக்கு மிளகாய் லாரியில் வருகிறான். வாங்கிக்கொள்.

ஆவுடைநாயகம்


தாம்பரம்
27-10-1981

அண்ணே,

புட்டி வந்தது. அளவு குறையத் தொடங்கியிருக்கிறது. அதற்குள் துள்ளக் கூடாது என்று பேராசிரியர் சொல்கிறார். நான் துள்ளிவிட்டேன்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். அமலை விஷத்தை அழிப்பதில்லை. தண்ணீரில் இருந்ததைத் தன் உடம்புக்குள் மாற்றி வைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். குளத்திலேயே அழுக விட்டால் வாங்கினதையெல்லாம் திரும்பத் தண்ணீருக்கே கொடுத்துவிடும். செடி முற்றியதும் பிடுங்கிக் கரையேற்றிவிட்டுப் புதுச்செடி விடுங்கள். பிடுங்கியதை மாட்டுக்குப் போடக் கூடாது. எருக்குழியில் போடக் கூடாது. கிணற்றுக்கு எட்டத்தில் சிமெண்டுத் தளம் போட்ட குழியில் போட்டு மூடுங்கள். மாடனிடமும் இரண்டு தடவை சொல்லுங்கள்.

மதினிக்கு எப்போது?

உலகம்மை


பேராச்சிகுளம்
28-1-1982

அன்புள்ள உலகம்மைக்கு,

உனக்கு மருமகன் பிறந்த சேதி தந்தியில் தெரிந்துகொண்டிருப்பாய். பொங்கல் கழித்து மூன்று பேரையும் சுரண்டையிலிருந்து கூட்டி வந்துவிட்டேன். பிள்ளைக்கு நம் அப்பா மூக்கு. இப்போதைக்குத் தம்பி என்றுதான் கூப்பிடுகிறோம்.

குழலைப் பார்த்தால் நீ நம்பமாட்டாய். கன்னத்தில் சதை பிடித்திருக்கிறது. வயிற்றுவலி என்ற பேச்சே இல்லை. அங்கே ஆச்சி கையால் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாளாம். வந்த அன்றைக்குக் குளத்தைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டாள். வாய்க்கால் நெடுக ஊதாவாகப் பூத்துக் கிடக்கிறது. “அப்பா, இதெல்லாம் யார் நட்டது?” என்றாள். “ஒங்க அத்தை” என்றேன்.

போன வாரம் ஊரில் ஒருத்தர் எருமைக்குப் போட அமலையை அறுக்க வந்தார். நான் மறித்தேன். “குளத்துல சும்மா கெடக்குத செடிக்கு என்னவே இம்புட்டு அதிகாரம்?” என்று சண்டைக்கு வந்தார். மாடன் நடுவில் புகுந்து, செடிக்குள் என்ன இருக்கிறது என்று நீ எழுதினதை அப்படியே ஒப்பித்தான். அவர் எருமையை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். நீ சொன்னபடி குழியில்தான் மூடுகிறோம்.

குளத்தில் அயிரை துள்ளுகிறது. கொக்கு வருகிறது. நீதான் ஜெயித்தாய். இதை எழுத எனக்கு வெட்கமில்லை.

பட்டறையில் வேலை நெருக்கடி. புனலூரிலிருந்து பேட்டரி வந்து குவிந்து கிடக்கிறது. இருட்டித்தான் வீடு திரும்புகிறேன். எத்தனை நேரமானாலும் குழல் தூங்காமல் உட்கார்ந்திருக்கிறாள். என் மேல் ஏறிப் படுத்தால்தான் அவளுக்குத் தூக்கம்.

இரண்டாவது புட்டி அனுப்பியிருக்கிறேன். கிணற்றுத் தண்ணீரும் இருக்கிறது.

ஆவுடைநாயகம்


தாம்பரம்
16-2-1982

அன்புள்ள அண்ணனுக்கு,

இரண்டு புட்டியும் பார்த்தாகிவிட்டது. கிணற்றுத் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம். குளத்தில், வாய்க்கால் விழுகிற இடத்தில் மட்டும் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. அதையும் அமலை பார்த்துக்கொள்ளும். பேராசிரியர் என் தோளில் தட்டி, “தொட்டியில் நடந்தது குளத்திலும் நடந்துவிட்டது” என்றார். இதைக் கட்டுரையாக எழுதச் சொல்கிறார்.

குழல் தேறியதைப் படித்தபோதுதான் எனக்கு மூச்சே வந்தது. வேரில் காரீயத்தைத் தேடித் தேடிப் பார்த்த நாளெல்லாம் எனக்கு அவள் உதடுதான் கண்ணில் நின்றது. தண்ணீர் தெளிந்தது, அவளும் தெளிந்தாள்.

பங்குனியில் வருகிறேன். இந்தத் தடவை இலையிலிருந்து எழுந்திருக்கமாட்டேன்.

உலகம்மை


பேராச்சிகுளம்
23-3-1982

உலகம்மைக்கு,

குழலுக்கு மறுபடியும் வயிற்றுவலி. முன்னையைவிட மோசம். சோறு கண்டாலே குமட்டுகிறாள். நேற்று நடந்துகொண்டிருந்தவள் கால் பின்னி விழுந்தாள். விஜயம் சொல்லிக் கொடுத்த பாட்டு, தினமும் பாடுகிற பாட்டு, பாதியில் நின்றுவிட்டது. “மறந்துட்டு” என்று என் முகத்தைப் பார்க்கிறாள். காரணமில்லாமல் கத்தி அழுகிறாள். அழுகையை நிறுத்த நான்தான் தூக்கவேண்டும். வேறு யாரிடமும் போகமாட்டேன் என்கிறாள். பட்டறையிலிருந்து ஆள் விட்டு என்னைக் கூப்பிடுகிறார்கள்.

டாக்டர் பூச்சி மருந்தைத்தான் திரும்பக் கொடுக்கிறார். கோயிலில் கயிறு மந்திரித்துக் கட்டினோம்.

தண்ணீர் சுத்தம் என்று நீதானே எழுதினாய்? குடிக்கலாம் என்று எழுதினாயே. அப்புறம் என்ன? திரும்ப ஒரு புட்டி அனுப்பட்டுமா? உடனே எழுது. எழுத வேண்டாம், புறப்பட்டு வா.

ஆவுடைநாயகம்


தாம்பரம்
9-5-1982

அண்ணே,

குழலின் காரியமெல்லாம் முடிந்து நான் திரும்பியபோது நீங்கள் தென்காசி ஸ்டேஷனுக்கு வந்தீர்கள். ரயில் நகர்ந்ததும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தீர்கள். நான் ‘அண்ணே’ என்று கூப்பிட்டது சொல்லிவிடுவதற்காகத்தான். உங்கள் முகத்தைப் பார்த்து முடியவில்லை. இப்போது முகம் தெரியாத தூரத்தில் இருந்துகொண்டு எழுதுகிறேன்.

பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் குழலுக்கு வலிப்பு வந்து சேர்த்த அன்று, பெரிய டாக்டர் அவள் உதட்டை விலக்கி ஈறைப் பார்த்தார். ஈற்றோரத்தில் மை கோடு போல இருந்தது. உங்களிடம் என்ன தொழில் என்று கேட்டார். நீங்கள் சொன்னதும் கையை விரித்துக் காட்டச் சொன்னார். நீங்கள் மதினியைத் தேடிப் போனபிறகு என்னை வராந்தாவுக்கு அழைத்துப் போனார். குளத்துத் தண்ணீரைப் பற்றியும் அமலையைப் பற்றியும் நான் மூச்சுவிடாமல் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “தண்ணி இல்லம்மா. இது பட்டறைத் தூசி. அதே துணியோடதானே வீட்டுக்கு வருதாரு? வந்ததும் பிள்ளையத் தூக்குவாரு, இல்லியா?” என்றார்.

அவள் ரத்தத்தை இங்கே சோதிக்க என்னிடம்தான் கொடுத்தார். நான் அதைக் கொண்டுவந்து சேர்த்தபோது அவள் இல்லை. முடிவு போன வாரம் வந்தது. அவர் சொன்னதுதான் சரி.

சுரண்டையில் இருந்த மூன்று மாசமும் அவள் நன்றாக இருந்தாள். அமலை என்றோம் நாம். சுரண்டையில் பட்டறை இல்லை அண்ணே. அங்கே உங்கள் சட்டை இல்லை. அவ்வளவுதான்.

இதை உங்களிடம் சொல்லாமலே இருந்துவிடலாம் என்றுதான் இவ்வளவு நாள் இருந்தேன். பிள்ளையை மண்ணில் வைத்துவிட்டு நிற்கிற தகப்பனிடம் எந்தத் தங்கை இப்படி எழுதுவாள்? ஆனால் தம்பி தவழ ஆரம்பித்திருப்பான். தரையில் கிடப்பதையெல்லாம் எடுத்து வாயில் வைப்பான். இன்றைக்கு உங்கள் மனசைக் காப்பாற்ற நான் வாயை மூடிக்கொண்டால், நாளைக்கு அவனை எப்படிக் காப்பாற்றுவது?

பட்டறைத் துணி பட்டறையோடு நிற்க வேண்டும். தலையோடு குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வரவேண்டும். வீட்டை வாரியலால் பெருக்க வேண்டாம், தூசி பறக்கும். ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள். தம்பியை இங்கே கொண்டுவந்து ரத்தம் பார்க்க வேண்டும். மாடன் வீட்டுப் பிள்ளைகளையும். சீக்கிரம் கண்டுபிடித்தால் மருந்து இருக்கிறது, ஊசி இருக்கிறது.

நீங்கள் அவளை நெஞ்சில் போட்டுத் தூங்க வைத்தீர்கள். அதைக் குற்றம் என்று யார் சொன்னாலும் நான் சண்டைக்குப் போவேன். நீங்களே சொன்னாலும்.

உலகம்மை


பேராச்சிகுளம்
11-7-1982

உலகம்மைக்கு,

உன் கடிதம் பட்டறைக்குத்தான் வந்தது. மாடன் உருக்கிய ஈயத்தை அச்சில் ஊற்றிக்கொண்டிருந்தான். படித்துவிட்டு, “அடுப்பை அணை” என்றேன். “பாதி ஊத்தியாச்சே மொதலாளி” என்றான். “அணைலே” என்றேன். அதற்குப் பிறகு அது எரியவில்லை.

அங்கேயே குளித்தேன். மாடன் வேறு வேட்டி கொண்டுவந்தான். வீட்டு வாசலில் நின்றபடியே விஜயத்திடம் சொன்னேன். கடிதத்தைக் கொடுக்கவில்லை, வாயால் சொன்னேன். என் வாயால்தான் சொல்ல வேண்டும் என்று இருந்தது. அவள் அழவில்லை. “தூங்குததெல்லாம் ஒங்க நெஞ்சுலதானே” என்றாள். தம்பியை இடுப்பில் எடுத்துக்கொண்டு சுரண்டை பஸ் ஏறிவிட்டாள். நான் மறிக்கவில்லை. மறிக்க எந்தக் கையை நீட்டுவது?

மாடன் வீட்டுக்குப் போனேன். அவனுக்கு மூன்றும் பொட்டைப் பிள்ளைகள். நடுவுள்ளவளுக்கு நடை சரியில்லை. நான் சொல்லி முடித்ததும் மாடன் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அவன் பெண்சாதிதான் எழுந்து வந்தாள். “ஒங்க பிள்ளை போன பொறவுதான் எங்க பிள்ளை கண்ணுக்குத் தெரிஞ்சுதோ?” என்றாள். எனக்கே இப்போதுதான் தெரியும் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அவள் கேட்டது கேட்டதாகவே இருக்கட்டும்.

ஒன்று கேட்கிறேன். அமலை சுத்தம் பண்ணிக் கொடுத்த தண்ணீரில் விஜயம் குழலைத் தினமும் குளிப்பாட்டினாள். குளித்து, பவுடர் போட்டு, எனக்காகக் காத்திருந்தாள். நான் வந்து தூக்கினேன். இதை மனசில் எந்த இடத்தில் வைத்துக்கொள்வது? உன் படிப்பில் இதற்கு ஏதாவது இருக்கிறதா?

மாடனையும் நடுப்பிள்ளையையும் வெள்ளிக்கிழமை ரயிலில் கூட்டி வருகிறேன். விஜயத்தின் அப்பா தம்பியை எடுத்துக்கொண்டு அதே ரயிலில் வேறு பெட்டியில் வருவார். அந்தப் பெட்டியில் நான் ஏறக் கூடாது என்று விஜயம் சொல்லி அனுப்பியிருக்கிறாள். சரி என்று சொல்லிவிட்டேன். எழும்பூருக்கு வா.

ஆவுடைநாயகம்


தாம்பரம்
24-8-1982

அண்ணே,

தம்பி ரத்தத்தில் காரீயம் இருக்கிறது, ஆனால் ஊசி தேவைப்படுகிற அளவு இல்லை. தூசியிலிருந்து விலகியே இருந்தால் பையக் குறையும் என்று டாக்டர் சொல்கிறார். சுரண்டை முகவரிக்கும் இதை எழுதியிருக்கிறேன்.

மாடன் பிள்ளைக்கு ஊசி போய்க்கொண்டிருக்கிறது. நேற்று வார்டில் கட்டிலைப் பிடித்துக்கொண்டு கோணாமல் நடந்தாள். நர்ஸம்மா கைதட்டினார்கள். மாடன் வெளியே போய்விட்டான். நானும் போய்விட்டேன். நாங்கள் இரண்டு பேரும் யாரை நினைத்தோம் என்று ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொள்ளவில்லை.

கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். தண்ணீர் தெளிந்தது நிஜம். அதை நிஜம் என்று எழுதுகிறபோதே பேனா நின்றுவிடுகிறது. பட்டறைக்காரர் வீட்டுப் பிள்ளைகளின் ரத்தத்தையும் பார்க்காமல் குளத்தை மட்டும் பார்க்கக் கூடாது என்று கடைசியில் ஒரு பத்தி சேர்த்தேன். “இது தாவரவியல் கட்டுரைம்மா” என்று பேராசிரியர் அடித்துவிட்டார். திரும்பச் சேர்த்தேன். திரும்பவும் அடித்தார். நான் இன்னும் சேர்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

நீங்கள் கேட்டதற்கு என் படிப்பில் ஒன்றும் இல்லை அண்ணே. தேடிப் பார்த்தேன்.

பட்டறையை மூடிவிட்டீர்கள் என்று அமலையைக் குளத்தில் அப்படியே விட்டுவிட வேண்டாம். கடைசிச் செடிவரைக்கும் பிடுங்கி மூடவேண்டும். உங்களுக்குக் குளத்துப் பக்கம் போக முடியாவிட்டால் எழுதுங்கள், லீவு போட்டுவிட்டு நான் வருகிறேன்.

உலகம்மை


பாவூர்சத்திரம்
26-9-1982

அன்புள்ள உலகம்மைக்கு,

நீ வர வேண்டாம். அமலையைப் பிடுங்கி முடித்தாயிற்று. மாடன் ஆஸ்பத்திரியில் இருந்ததால் நான் ஒருத்தனே இறங்கினேன்.

முக்கால்வாசி முடிந்திருந்தபோது, குற்றாலத்துக்கு வந்தவர்கள் ஒரு காரை நிறுத்தி இறங்கினார்கள். பூத்துக் கிடப்பதைப் பார்த்துவிட்டு போட்டோ எடுத்தார்கள். அவர்களோடு ஒரு பெண்குழந்தை. அந்தப் பூ வேண்டும் என்று கேட்டு அழுதாள். அவள் அப்பா செருப்பைக் கழற்றிவிட்டுக் கரையில் இறங்கினார். நான் சேற்றுக்குள்ளிருந்து ஏறிவந்து அவர் கையைப் பிடித்துவிட்டேன். “வேண்டாம்யா, பிள்ளைக்கு வேண்டாம்” என்றேன். என் பிடியைப் பார்த்துப் பைத்தியக்காரன் என்று நினைத்திருப்பார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவசரமாகக் காரில் ஏறிவிட்டார். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். ஆஸ்பத்திரியிலும் அழவில்லை, இடுகாட்டிலும் அழவில்லை. அன்றைக்குத்தான்.

மறுநாள் மிச்சத்தையும் பிடுங்கிக் குழியில் போட்டு, மேலே சிமெண்டு பூசிவிட்டேன். பட்டறையில் உடுத்தின துணியையும் அதற்குள்ளேயே போட்டேன். குளம் இப்போது வெறும் குளமாக இருக்கிறது.

பாவூர்சத்திரத்தில் கடற்கரை அண்ணாச்சியின் காய்கறி மண்டியில் சேர்ந்திருக்கிறேன். சரக்கு இறக்குவதும் எடை பார்ப்பதும் என் பொறுப்பு. மண்டிக்குப் பின்னால் ஒரு அறையில் தங்கிக்கொள்கிறேன். மாடனும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஊர் திரும்பினான். அவனும் இங்கேதான் மூட்டை தூக்குகிறான். என்னோடு பேசுகிறான். அவன் பெண்சாதி பேசுவதில்லை.

நேற்றுக் காலையில் தக்காளி லாரி வந்து இறக்கிக்கொண்டிருந்தோம். மாடன் என் முதுகில் தட்டினான். திரும்பினால் சுரண்டை பஸ் நிற்கிறது, விஜயம் தம்பியோடு இறங்கி வருகிறாள். நேரே என்னிடம் வந்தாள். என் சட்டையைப் பார்த்தாள். கையைப் பார்த்தாள். “கை கழுவியாச்சா?” என்றாள்.

மண்டிக் குழாயில் போய்ச் சோப்புப் போட்டு முழங்கை வரைக்கும் கழுவினேன். வந்து நீட்டினேன். புரட்டிப் பார்த்தாள், நகக்கண்ணைப் பார்த்தாள். “இன்னொரு தடவை” என்றாள். கூடை இறக்குகிறவர்கள், பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள், எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். போய் இன்னொரு தடவை கழுவினேன்.

அப்புறம்தான் கொடுத்தாள். தம்பிக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. அம்மாவிடம் தாவிக்கொண்டு ஓங்கி அழுதான். விஜயம் அவனை வாங்கவில்லை. சேலை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு நின்றாள். நான் அவனைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அவன் அழுது முடிகிற வரைக்கும்.

ஆவுடைநாயகம்